எட்டாவது விளக்கு

இது கதை இல்லை. நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டு வந்த சமாசாரமும் இல்லை. இதை அனுபவித்த ஆள் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. குடிக்கிற பழக்கம் கிடையாது. பேயும் பிசாசும் வேலை வெட்டி இல்லாதவர்களுக்குத்தான் வரும் என்று நக்கல் அடித்தவர். அவர் மதியச் சாப்பாட்டு நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் கோத்து எழுதுகிறேன், அவ்வளவுதான். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். அவரும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவர்தான்.

அலுவலகத்தில் அவரைப் பெட்டிக்காரர் என்போம். நெட்வொர்க் கருவிகளை அடுக்கி வைக்கும் இரும்பு ரேக்குகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு கேபிள் கோணலாகப் போனால் அவருக்குச் சோறு இறங்காது. கையில் எப்போதும் ஒரு சின்ன அளவுநாடா இருக்கும். மனிதர்களிடம் அவ்வளவு பொறுமை கிடையாது. படுத்தால் கட்டை, பக்கத்தில் வெடி போட்டாலும் எழுந்திருக்க மாட்டார் என்று அவர் மனைவியே கேலி செய்வாள்.

வீடு இரண்டு தளம். மேலே அவரும் மனைவியும். கீழே கூடம், சமையலறை, அதைத் தாண்டி ஒரு குறுகிய நடைவழி. நடைவழியின் கடைசியில் அவருடைய அப்பாவின் அறை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. வாய் குழறியது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வாக்கரைத் தூக்கி வைக்கும் சத்தம், பிறகு காலை இழுக்கும் சத்தம். டக்... சர்ர். டக்... சர்ர்.

அந்த நடைவழிச் சுவரில் மாட்டத்தான் பெட்டிக்காரர் ஒரு சின்ன ரேக் வாங்கினார். இணையக் கருவி, கேமரா பதிவுப் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்கும். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று நல்ல ஆழம். இன்னொன்று ஆழம் குறைவு, கறுப்புக் கண்ணாடிக் கதவு, பார்க்க லட்சணமாக இருந்தது. ஆழமானது சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும், வீட்டு அழகு கெட்டுப்போகும். "அப்பா வாக்கரோட போக வர இடம் வேணும்" என்று சொல்லி ஆழம் குறைந்ததை எடுத்தார். அப்பா பேரைச் சொல்லித் தன் ஆசையைத் தீர்த்துக்கொள்வது அவருக்குப் புதிதில்லை.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இன்டர்காம் வைத்தார். மேலே தன் தலைமாட்டில் இன்னொன்று. அப்பாவுக்கு எண் அழுத்த வராது. அதனால் ரிசீவரை எடுத்தாலே மேலே மணி அடிக்கும்படி செய்தார். மேலே ஆள் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். கீழே ரிசீவரைத் திரும்ப வைத்தால்தான் நிற்கும். அந்த இன்டர்காமுக்குத் தனியாகக் கரண்டு வேண்டாம். ரேக்கிலிருந்து போகும் கேபிளிலேயே கரண்டும் போகும். நல்ல ஏற்பாடு. அதைப் பற்றி எங்களிடம் ஒரு வாரம் பெருமை அடித்துக்கொண்டார்.

கெடுத்தது ஓசி. அலுவலகத்தில் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி அது; ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு. இவர் சும்மா விடுவாரா? பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அது நீளமான சாமான். ஆழம் குறைந்த ரேக்கில் அதை நுழைக்க, உள்ளே இருக்கும் சட்டத்தை முன்னால் நகர்த்த வேண்டியதாயிற்று. சட்டம் முன்னால் வந்ததும், கேபிள் முனைகளுக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடுவில் இடம் இல்லாமல் போயிற்று. மற்ற கேபிள்கள் மெலிசு, வளைந்து கொடுத்தன. எட்டாவது துளையில் இருந்தது மட்டும் பழைய தடித்த கேபிள். அது அப்பாவின் அறைக்குப் போவது.

அலுவலகத்தில் வேறு யாராவது அப்படி மாட்டியிருந்தால் கடித்துக் குதறியிருப்பார். தன் வீட்டில் கதவைக் கொஞ்சம் அழுத்தினார். மூடிக்கொண்டது.

"மூடுது இல்ல? போதும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அப்பா அந்தக் கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்தார்.

இவர் மூடிவிட்டுப் போவார். திரும்பி வந்தால் திறந்திருக்கும். நடைவழியில் கதவு நீட்டிக்கொண்டு நிற்கும். மனைவி ஒருநாள் நெற்றியில் இடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா இதைத் தொடறீங்க? உள்ள தூசி போகும்ல?"

அப்பா ஏதோ குழறினார். கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனார். இன்டர்காமைக் காட்டினார். அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எரியுதே. நல்லாத்தானே இருக்கு?"

அப்பா நடைவழியைக் காட்டினார். மறுபடி இன்டர்காமைக் காட்டினார். மறுபடி நடைவழி. வாயிலிருந்து சரியாக எதுவும் வரவில்லை. கண்ணில்தான் தண்ணீர் வந்தது. இவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். விளக்குகள் மினுக்குவதைப் பார்க்க அப்பாவுக்கு ஆசை, குழந்தை மாதிரி ஆகிவிட்டார் என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சனிக்கிழமை கண்ணாடிக் கதவில் பூட்டு பொருத்தினார். சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். அப்பா வாக்கரைப் பிடித்தபடி நின்று, அவர் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

மறுநாள் காலை அப்பா இல்லை.

காலையில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டிவிடும் ஒரு அம்மா உண்டு. நர்ஸம்மா என்பார்கள். பின்கதவுச் சாவி அவரிடம் இருக்கும். அவர்தான் முதலில் பார்த்தார். மேலே ஓடிவந்து கதவைத் தட்டினார். "சார்... அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு சார்." கீழே போய்ப் பார்த்தார்கள். அப்பா கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். போர்வை நெஞ்சுவரை போர்த்தியிருந்தது. தூக்கத்தில் போவது கொடுத்துவைத்தவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

தங்கை மட்டும் சொல்லவில்லை. பெட்டிக்காரருக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். அப்பாவின் செல்லம். அடக்கம் முடிந்து வந்தவள் நேராக அண்ணன் முன்னால் நின்றாள்.

"அப்பா மணி அடிச்சிருப்பாரு அண்ணா."

"அடிக்கலைம்மா."

"அடிச்சிருப்பாரு. நீ எழுந்திருக்க மாட்டே. உன் தூக்கம் எனக்குத் தெரியாதா?"

"இவளும்தானே படுத்திருந்தா? இவளுக்கும் கேக்கலையே?"

"அவங்க உனக்காகப் பேசுவாங்க."

இவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஊர் உறவு முன்னாலேயே நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். சாவியைப் போட்டு ரேக்கைத் திறந்தார். விளக்கைப் பார்த்துக்கொண்டே சோதிப்பதுதான் அவர் பழக்கம். எட்டாவது விளக்கு பச்சையாக எரிந்தது. தங்கையின் கணவரை விட்டு அப்பா அறையில் ரிசீவரை எடுக்கச் சொன்னார். மேலே மணி கணீரென்று அடித்தது.

"பார்த்தியா? லைன் நல்லா இருக்கு. அப்பா அடிச்சிருந்தா கேட்டிருக்கும். கேக்கலை. அப்ப அவர் அடிக்கலை."

தங்கை அவரையே பார்த்தாள்.

"லைன் நல்லா இருக்கு. அப்ப அவர் அடிச்சிருக்காரு. நீதான் எழுந்திருக்கலை."

ஒரே சாட்சி, இரண்டு தீர்ப்பு. அவள் அப்பாவின் வாக்கரை எடுத்துக்கொண்டாள். இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே மிதிக்கவில்லை. இவர் போன் செய்தால் எடுக்கவும் இல்லை.

பெட்டிக்காரர் உள்ளுக்குள் நொறுங்கிவிட்டார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அப்பா கூப்பிடவே இல்லை, வலி தெரியாமல் தூக்கத்தில் போனார். இந்த ஒன்றைத்தான் அவர் பிடித்துக்கொண்டு நின்றார். அதை மட்டும் யாராவது பிடுங்கிவிட்டால் அவருக்கு நிற்க இடம் கிடையாது. அப்பாவின் கட்டிலை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார். இன்டர்காமைக் கழற்றி மேலே மேசை டிராயரில் போட்டார். அறையைப் பெருக்கி மூடினார். கேபிளை மட்டும் சுவரோடு அப்படியே விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் ஒன்றும் இல்லை.

பிறகு ஒருநாள் அலுவலகத்திலிருந்து வருகிறார். நடைவழியில் ரேக்கின் கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது.

"நீ திறந்தியா?"

"சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள் மனைவி.

பூட்ட மறந்திருப்போம் என்று நினைத்தார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

மறுநாள் காலை திறந்திருந்தது.

இந்தத் தடவை குனிந்து பார்த்தார். பூட்டின் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதாவது, பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. கதவு மட்டும் திறந்திருந்தது. பூட்டுக்குக் கீழே கறுப்பு வண்ணத்தில் மெல்லிய கீறல்கள். நான்கு கோடுகள், பக்கம் பக்கமாக. துளை போடும்போது கருவி பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அட்டையை மடித்துச் செருகி இறுக்கிப் பூட்டினார். சாயங்காலம் அட்டை தரையில் கிடந்தது. கதவு திறந்திருந்தது.

மனைவி அந்த அட்டையைக் கையில் எடுத்தாள். "என்னங்க... அப்பா இப்படித்தானே செய்வாரு?"

"உளறாதே. மட்டமான ரேக். கதவு வளைஞ்சிருக்கும். வேற வாங்கிடறேன்."

பேய் என்று ஒப்புக்கொள்வதைவிட ரேக் சரியில்லை என்பது அவருக்கு வசதி. கடைக்குப் போனார். கடைக்காரர் இவருக்குப் பழக்கம்தான்.

"வாங்க சார். சுவர்ல மாட்டறதா? எத்தனை அடுக்கு?"

"ஆறு அடுக்கு போதும். பூட்டு ஸ்ட்ராங்கா இருக்கணும்."

"வீட்டுக்குத்தானே?"

"வீட்டுக்குத்தான்."

"ரேக் வாங்க வர்றவங்க காத்தோட்டம் கேப்பாங்க, ஆழம் கேப்பாங்க, எவ்வளவு கனம் தாங்கும்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் பூட்டு கேக்கறீங்க. உள்ள பணமா வெச்சிருக்கீங்க?"

கடைக்காரர் மூன்று ரேக் காட்டினார். ஒன்று கண்ணாடிக் கதவு. ஒன்று முழுத் தகடு, உள்ளே சூடு நிற்கும். ஒன்று வலைக் கதவு, பின்பக்கமும் கீல் வைத்துத் திறக்கலாம், நல்ல ஆழம். எந்த ஆழம் வேண்டும் என்று கேட்டபோது பெட்டிக்காரர் ஒரு கணம் திணறினார். நெட்வொர்க் ஸ்விட்சின் நீளம் அவருக்கு மனப்பாடம். சுவரிலிருந்து கேபிள் முனை வரை எவ்வளவு என்று அவர் அளந்ததே இல்லை. ஊருக்கெல்லாம் அளந்தவர் தன் வீட்டில் அளக்கவில்லை.

"அளந்துட்டு வரேன்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வீட்டில் சத்தம் என்று பார்த்தால் ரேக்குக்குள் ஓடும் சின்ன மின்விசிறிதான்.

கதவு வழக்கம்போலத் திறந்தே இருந்தது. அளவுநாடாவை எடுத்தார். சுவரிலிருந்து சட்டம் வரை. சட்டத்திலிருந்து கேபிள் முனை வரை. கைப்பேசியில் குறித்துக்கொண்டார். இனிக் கதவுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி. அதற்குக் கதவை மூடி, பக்கவாட்டு இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

மூடினார்.

க்ளிக்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விளக்கு அணைந்தது.

திறந்தார். எரிந்தது. மூடினார். அணைந்தது. எட்டாவது விளக்கு.

இத்தனை வருட அனுபவம் உடனே பேசியது. கதவு கேபிளை நசுக்குகிறது. முனை அசைகிறது. இணைப்பு போகிறது. சின்ன விஷயம்தான். எட்டாவதில் என்ன போகிறது என்று மறுபடி கதவைத் திறந்து, கேபிளில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய கையெழுத்தேதான்.

அப்பா.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்கிறார். கதவு மூடியிருந்தால் அப்பாவின் இன்டர்காமுக்குக் கரண்டு போகாது. அதன் விளக்கு அணைந்துவிடும். அப்பா கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்திருக்கிறார். கதவு திறந்தால் எரிகிறது, மூடினால் அணைகிறது. காரணம் தெரியாது, சொல்ல வாயும் வராது. அதனால் மகன் மூட மூட, காலை இழுத்துக்கொண்டு வந்து திறந்து வைத்திருக்கிறார். மகனைக் கூப்பிட ஒரு வழி வேண்டுமே என்று. அந்த மகன்தான் அதற்குப் பூட்டுப் போட்டான்.

நடைவழித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அப்பா இறந்த அன்றுகூட வராத அழுகை.

அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

கதவு திறந்திருந்தது. எட்டாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அழுகை நின்றுவிட்டது.

மறுமுனையில் ஏதாவது ஒரு கருவி இருந்தால்தான் அந்த விளக்கு எரியும். வெறும் கேபிளுக்கு எரியாது. அது அவர் தொழில். அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அப்பாவின் இன்டர்காம் மேலே டிராயரில் கிடக்கிறதே...

எழுந்து அப்பாவின் அறைக்குப் போனார். கதவைத் தள்ளினார். காலி அறை. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. சுவரில் கேபிள் துளை. அதில் ஒன்றும் செருகவில்லை. துளையின் வாயில் ஒட்டடை கட்டியிருந்தது. விரலால் தொட்டார். பிய்ந்து வந்தது.

திரும்பி வந்தார்.

விளக்கு இப்போது நிலையாக எரியவில்லை. மினுக்கியது. படபடவென்று... நிற்காமல். அந்தக் கேபிள் வழியாக ஏதோ வந்துகொண்டிருந்தால்தான் அப்படி மினுக்கும்.

கதவை மூடினார். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். விளக்கு அணைந்தது.

மின்விசிறியின் சத்தம் மட்டும்.

அப்புறம்...

டக்.

அப்பாவின் அறையிலிருந்து. அவர் இப்போதுதான் வெளியே வந்த அறையிலிருந்து.

சர்ர்...

வாக்கர் தங்கை வீட்டில் இருக்கிறது.

டக்... சர்ர்.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து மறுத்துவிட்டது.

டக்... சர்ர். டக்... சர்ர். நடைவழியில். நெருங்கி.

அப்பாவின் காலுக்குத் தேய்க்கும் தைல வாசனை.

பக்கத்தில் வந்து நின்றது. மூச்சு வாங்கியது. நடந்து களைத்தவர் வாங்கும் மூச்சு.

கைக்கடியில் கதவு அசைந்தது.

அழுத்தினார். உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினார்.

கதவு திறந்தது.

வேகமாக இல்லை. மெதுவாக... நடுங்கி நடுங்கி... வயதானவர் திறப்பதுபோல.

எட்டாவது விளக்கு எரிந்தது.

மேலே மணி அடித்தது.

படுக்கையறையில். அவர் தலைமாட்டு இன்டர்காம். அதைக் கூப்பிட இந்த வீட்டில் ஒரே ஒரு இன்டர்காம்தான் உண்டு. அது அதே அறை டிராயரில், ஒயர் இல்லாமல் கிடக்கிறது.

ட்ரிங்... ட்ரிங்...

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தார். முதல் படியில் கால் வைத்தார்.

ட்ரிங்... ட்ரிங்...

போய் எடுக்க வேண்டியதுதான். எடுத்து "அப்பா" என்று சொல்ல வேண்டியதுதான்.

போகவில்லை.

காலை எடுத்துவிட்டார். காதைப் பொத்திக்கொண்டு படியின் அடியில் குந்தி உட்கார்ந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. பிறகு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நடைவழியில் அந்தச் சத்தம் திரும்பிப் போனது. வந்ததைவிட மெதுவாக. டக்... சர்ர். டக்... சர்ர். அறைக் கதவு சாத்தும் சத்தம்.

மனைவி வந்தபோதும் படியின் அடியிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக் கடைக்குப் போனார். ஆழமான ரேக், வலைக் கதவு. கடைக்காரர் பூட்டை ஆட்டிக் காட்டினார். "பாருங்க சார், எவ்வளவு ஸ்ட்ராங்!"

"பூட்டைக் கழட்டிக் கொடுங்க."

"என்ன சார், நேத்து அதைத்தானே கேட்டீங்க?"

"கழட்டிக் கொடுங்க."

தானே துளை போட்டு, தானே மாட்டினார். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் அளந்தார். கேபிள் முனைக்கு முன்னால் நான்கு விரல் இடம் தாராளமாக இருந்தது. எந்தக் கேபிளும் நசுங்காது. இனி யார் கூப்பிட்டாலும் கேட்கும். கூப்பிடத்தான் ஆள் இல்லை. பழைய ரேக்கைக் கொல்லைப்புறச் சுவரோரமாகச் சாத்தி வைத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. நேரில் போய் நின்றால் முகத்தில் அறைந்தாற்போலக் கதவைச் சாத்த மாட்டாள். "நான் வாங்கின ரேக் கேபிளை நசுக்கிடுச்சும்மா. அப்பா அடிச்சிருந்தாலும் மணி வந்திருக்காது. தப்பு என்னோடதுதான். ஆனா கேட்டும் கேக்காம படுத்திருக்கலைம்மா." இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட வந்திருந்தது. பாவம், அவ்வளவு பெரிய தப்பை ஒப்புக்கொள்வதில் அவ்வளவு சின்ன நிம்மதி.

அந்தச் சனிக்கிழமை தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா வந்தார். அப்பாவின் போர்வைகளை எடுத்துப்போகச் சொல்லி மனைவி வரச் சொல்லியிருந்தாளாம். நடைவழியில் நின்று புது ரேக்கைப் பார்த்தார்.

"மாத்திட்டீங்களா சார்? நல்ல வேலை செஞ்சீங்க. அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாலே எனக்கு அன்னிக்கு நெனப்புத்தான் வரும்."

"எந்த நெனப்பு?"

நர்ஸம்மா போர்வைகளை எடுக்கத் திரும்பினார். இவர் விடவில்லை. மனைவியும் வந்து நின்றாள். கடைசியில் அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்.

"அப்பா கட்டில்ல போகலை சார். நான் வந்தப்ப இங்க, இந்தத் தரையில கெடந்தாரு. உடம்பு சில்லுனு ஆயிடுச்சு. வாக்கர் பக்கத்துல சாஞ்சு கெடந்துச்சு. தெனம் தூக்கற உடம்புதானே, நான்தான் தூக்கிட்டுப் போய்க் கட்டில்ல போட்டேன்."

"ஏன்?"

"தூக்கத்துல போனாருன்னா நீங்க தாங்கிப்பீங்க சார்."

பெட்டிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பூட்டிய கதவைத் திறக்க அப்பா வந்திருக்கிறார். திறக்க முடியாமல் அங்கேயே விழுந்திருக்கிறார். அந்த நான்கு கீறல். அதுவரை அவருக்குப் புரிந்தது.

"கதவைத் திறக்கப் பார்த்திருக்காரு" என்றார். "நான் பூட்டி வச்சிருந்தேன்."

"இல்லையே சார். கதவு அகலமா திறந்துதான் கெடந்துச்சு. பூட்டு நாக்கு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உங்களுக்குத் திறந்து கெடந்தா பிடிக்காதேன்னு கடைசியா நான்தான் அழுத்திச் சாத்தினேன்."

சாவி அன்று இரவு முழுக்க அவர் தலையணைக்கடியில் இருந்தது.

"அறையில ரிசீவர் கீழ தொங்கிட்டிருந்துச்சு. அதையும் எடுத்து வச்சேன். வச்சப்புறம்தான் நின்னுச்சு."

"எது?"

நர்ஸம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல மணி சார். நான் பின்கதவைத் திறந்து உள்ள வர்றப்பவே அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வாசல்வரை கேட்டுச்சு. நீங்க ரெண்டு பேரும் நல்ல தூக்கம் போலன்னு... அதை எப்படி சார் உங்ககிட்ட சொல்றது?"

அந்த இன்டர்காம் இருவர் தலைக்கும் ஒரு முழம் தள்ளி இருந்தது. சத்தியமாக இரண்டு பேர் காதிலும் ஒன்றும் விழவில்லை. உடம்பு சில்லிட்டுப் போகும்வரை எவ்வளவு நேரம் அடித்ததோ, யாருக்கும் தெரியாது. பூட்டிய கதவை அந்த இரவில் திறந்தது யார் என்பதும் தெரியாது.

பெட்டிக்காரர் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. போய் என்ன சொல்வது என்று என்னைத்தான் கேட்டார். அப்பா மணி அடித்தார், நீ எழுந்திருக்கவில்லை என்று அவள் அன்றே சொல்லிவிட்டாள்.

மணி அடிக்க அடிக்கப் படியின் அடியில் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தால், அவள் சொன்னது இரண்டு தடவை சரி.